சாக்குக்குப் பின்னால் ஒரு கேன்

சுகந்தியின் கை மண்ணெண்ணெய்த் தட்டில் பல்சக்கரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் பாவாயி அக்காவை விட்டு நகரவில்லை.

சங்ககிரிப் பக்கம் கியர்பெட்டி பிரிக்கிற பட்டறை அது. பாவாயி அக்காதான் மேஸ்திரி. சுகந்தி அவளிடம் தொழில் கற்க வந்து எட்டு மாசம் ஆகிறது. இன்று பிரித்துக் கிடந்தது சுகந்தியின் அண்ணன் பூபதியின் வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி. ஒரே வருசத்தில் ரெண்டு தரம் வேறு பட்டறையில் பெட்டியைப் பிரித்துப் பூட்டியும் கியர் கரகரவென்று கடித்தது. இன்னொரு தரம் நின்றால் அந்த ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும். "எங்க மேஸ்திரி கை பட்டாச் சரியாயிரும்" என்று அடித்துச் சொல்லி வண்டியை இங்கே வரவழைத்தவள் சுகந்திதான்.

பூபதி டவுனெல்லாம் தேடி ஒரு கேன் கியர் எண்ணெய் வாங்கிக் கொடுத்திருந்தான். அதில் தர எண் பெரிசாக அஞ்சு என்று போட்டிருந்தது. காலையில் அக்கா அதைத் தூக்கிப்போய்ச் சாக்குக்குப் பின்னால் வைத்ததைச் சுகந்தி பார்த்துவிட்டாள். பெட்டிக்கு ஊற்ற எடுத்து வைத்ததோ நாலு போட்ட பட்டறை டப்பா.

எட்டு மாசத்தில் இப்படி எத்தனை கேன் அந்தச் சாக்குக்குப் பின்னால் போயிருக்கும்?

டீ வாங்கப் போனபோது அண்ணனுக்கு ஃபோன் போட்டு, அக்கா கேனை ஒளித்துவிட்டதைச் சொல்லிவிட்டு வந்தாள். வந்தும் மனசு ஆறவில்லை.

"ஏனுங்கக்கா, அண்ணன் குடுத்த கேனைக் காணோமுங்க?"

"இருக்குது."

"நாலைக் காட்டியும் அஞ்சு ஒசத்திதானுங்களே?"

"யாரு சொன்னா?"

"கடைக்காரரு. வழவழன்னு இருக்குமாமுங்க."

அக்கா புதுப் பித்தளை வளையம் ஒன்றை எடுத்தாள். ஒரு கியரின் கூம்பில் நாலாம் எண்ணெயைத் தடவி, வளையத்தை மாட்டி நீட்டினாள்.

"அழுத்தித் திருகு அம்மிணி."

கால் சுற்றுக்குள் வளையம் கவ்விக்கொண்டது.

அக்கா இரண்டையும் சுத்தமாகத் துடைத்தாள். சாக்குக்குப் பின்னாலிருந்து கேனைக் கொண்டுவந்து திறந்து, அந்த எண்ணெயைத் தடவினாள்.

"இப்பத் திருகு."

வளையம் சுற்றியது. இன்னும் அழுத்தினாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இந்த வளையம் கவ்வினாத்தான் கியரும் தண்டும் ஒரே வேகத்துக்கு வரும். அப்பறந்தான் பல்லு கடிக்காம உக்காரும். போன ரெண்டு தரமும் உங்கண்ணன் எதை வாங்கி ஊத்தச் சொன்னான்?"

சுகந்திக்குத் தெரியும். அவன் எப்போதும் ஒசத்தியைத்தான் வாங்குவான்.

"அப்பறம் கேனை எதுக்குங்க ஒளிச்சு வெச்சீங்க?"

"பின் சக்கர அச்சுல இந்த வளையம் கெடையாது, அதுக்கு அஞ்சுதான் வேணும். சாயங்காலம் நீதான் ஊத்தப்போற. பக்கத்துல இருந்தா கை மாறிப் பெட்டிக்கு ஊத்திருவ. சாக்குக்குப் பின்னால வெக்காம, சாமி முன்னாலயா வெப்பாங்க?"

சுகந்தியின் முகம் கருத்துப்போயிற்று.

"அக்கா, நான் அண்ணங்கிட்ட உங்களப் பத்தி…"

"ஏ புள்ளே, சுகந்தி! வெளிய வா!" வாசலில் பூபதியின் சத்தம். "எங்க உன்ற திருட்டு மேஸ்திரி?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கியரையும் வளையத்தையும் சுகந்தியின் கையில் வைத்தாள்.

"போ. நீ ஒண்ணும் சொல்லாத. அவனும் திருகிப் பாக்கட்டும்."