ராஜாக்கினி பிடித்த கால்விரல்

ஏழுகுன்றத்தை ஆண்ட வல்லபராயனுக்குக் கால்விரல் இடுக்கில் அரிப்பு வந்து ஆறு மாதமாயிற்று. விரல்கள் சிவந்து, இடுக்குத் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது. சபை நடுவே மன்னன் ஒரு காலால் மறு காலைத் தேய்ப்பான். வந்த தூதர்கள் தங்களை அவமதிப்பதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அரண்மனை வைத்தியர் சங்கநிதிப் பண்டிதர் மூக்கைத் துணியால் பொத்தி, நாலடி தள்ளி நின்று, ஜாதகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட்டார். அதற்கு ராஜாக்கினி, அதாவது அரச நெருப்பு, என்று பெயராம். மன்னர்களுக்கு மட்டுமே வருமாம். பன்னீரில் நனைத்த பட்டுத் துணியை விரல்களில் சுற்றி, மேலே முத்துப் பதித்த தோல் பாதணி போடச் சொன்னார். அரிப்பு இரட்டிப்பாயிற்று. மன்னனோ பெயரில் மயங்கி, பக்கத்து நாட்டு அரசனுக்குப் பெருமையாக ஓலை வேறு அனுப்பினான்.

மருந்து பலிக்காததற்குப் பண்டிதர் புதுக் காரணம் கண்டுபிடித்தார். வயல் பார்க்கப் போன அன்று மன்னர் பாதத்தை வெறித்துப் பார்த்த மூன்று உழவர்களின் கண்ணேறாம். மூவரும் சிறைக்குப் போனார்கள். பத்து நாளில் கால் ஆறாவிட்டால் அவர்கள் கண்களைப் பிடுங்க உத்தரவாயிற்று.

அமைச்சன் கூத்தபிரானுக்கு இது பொறுக்கவில்லை. நாற்று நடுகிற எவரைக் கேட்டாலும் அந்த நோயின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவன் சொன்னால் ராஜநிந்தை ஆகிவிடும். ஒரு திட்டம் போட்டு, மன்னனிடம் தனியே பேசிச் சம்மதம் வாங்கினான். பிறகு பண்டிதரிடம் போனான். ஊரில் எவனோ ஒருவன் தனக்கும் ராஜாக்கினி வந்திருப்பதாகச் சொல்லித் திரிகிறான், அவனைப் பிடித்து வந்திருக்கிறோம், சபையில் தாங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றான்.

பண்டிதர் கொதித்துப்போய் வந்தார். அரியணை காலியாக இருந்தது. மன்னர் வேட்டைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பண்டிதர் வாழ்நாளில் முதல்முறையாகக் குனிந்தார். விரல்களை விரித்துப் பார்த்தார்.

"இந்த நாறுகாலுக்கா ராஜாக்கினி? வெறும் சேற்றுப்புண். ஈரத்தை வைத்துக் கட்டி மூடி அழுக விட்டிருக்கிறான் மடையன். விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிட்டு, மஞ்சளும் மருதாணி இலையும் அரைத்துப் பூசினால் இருபது நாளில் போய்விடும். இதுகூடத் தெரியாத எந்த மூடன் இவனுக்கு வைத்தியம் பார்த்தான்?"

திரை விலகியது. உள்ளே வல்லபராயன் உட்கார்ந்திருந்தான். பண்டிதர் பிடித்திருந்த விரலைச் சட்டென்று விட்டார்.

மன்னன் தன் விரல்களைப் பார்த்தான். பண்டிதரைப் பார்த்தான். கடைசியில் அமைச்சன் பக்கம் திரும்பினான். "கூத்தபிரான், ஆறு மாதமாக என் காலைப் பார்த்து வந்தவர் இவர்தானே?"

"இல்லை அரசே. இன்றைக்குத்தான் பார்த்தார்."

மன்னன் சிரித்த சிரிப்பில், கழற்றி மடியில் வைத்திருந்த முத்துப் பாதணி நழுவி விழுந்தது. அன்று மாலையே மூன்று உழவர்களும் கைநிறையப் பரிசோடு வீடு திரும்பினார்கள். பண்டிதருக்கும் அரண்மனையில் வேலை போகவில்லை. இனி அவர் வேலை, தினமும் குளியல் முடிந்ததும் மன்னரின் கால்விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைப்பது, மூக்கை மூடாமல்.