கழுத்தளவு

“டீச்சர், ஆறாவது தடவையா பிரிச்சுட்டேன்.”

சவரிராயன் நூலுருண்டையை மேசைமேல் வைத்தார்.

நிலோஃபர் டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. கொடைக்கானலில், தன் வீட்டு முன்னறையில் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுத்தாள். வருகிறவர்களில் ஆண் இவர் ஒருவர்தான். அறுபத்து நான்கு வயது. மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

அவர் பின்ன நினைத்தது ஒரு வளைய மஃப்ளர். முனை கிடையாது, தலைவழியாகப் போட்டுக்கொண்டால் கழுத்தை மூடிவிடும். மேலெல்லாம் குமிழ் குமிழாக எழும்பியிருக்க வேண்டும். மனைவி பிலோமினாளுக்காக.

ஆனி மாதம் அவளுக்குக் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து கோயிலுக்கும் போவதில்லை, சந்தைக்கும் போவதில்லை.

“குமிழ் ஒண்ணு பெரிசா வருது, ஒண்ணு சின்னதா வருது.”

“வரட்டுமே.”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். பார்க்கிறவங்க கண்ணு குமிழ்மேலயே நிக்கணும். கழுத்துக்குப் போயிடக் கூடாது.”

நிலோஃபர் நூலுருண்டையைக் கையில் எடுத்தாள்.

“கழுத்தளவு எவ்வளவு?”

“எல்லாருக்கும் இருக்கிற கழுத்துதான்.”

“தழும்பு எந்த இடத்துல?”

அவர் தன் கழுத்தில் விரல் வைத்துக் காட்டினார். விரல் இடது பக்கம் போனது. கொஞ்சம் கீழே இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

“தொட்டா வலிக்குதாமா?”

சவரிராயன் விரலை மடக்கிக்கொண்டார்.

அவள் உருண்டையிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்தாள். கத்தரித்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இன்னைக்குப் பாடம் இவ்வளவுதான் சார்.”

“ஊசியையே தொடலையே!”

“அளந்துட்டு வாங்க.”

தூறலில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

பிலோமினாள் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். அவர் நூலும் கையுமாக வாசற்படியிலேயே நின்றார்.

“என்ன?”

“அளவு எடுக்கணும். உனக்குத்தான் ஒண்ணு பின்றேன். தழும்பு தெரியாம இருக்கும்.”

“யாருக்குத் தெரியாம?”

“ஊருக்குத்தான்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஊர்ல எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தோட வந்து பார்த்துட்டுப் போயாச்சு. இன்னும் பார்க்காதது நீங்க ஒருத்தர்தான்.”

சவரிராயன் நூலை விரலில் சுற்றினார்.

“பயமா இருந்துச்சு, பிலோமி” என்றார். “உன்னைத் தூக்கிட்டுப் போறப்போ... திரும்ப வருவியான்னு. தழும்பைப் பார்த்தா அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும்.”

அவள் தலைப்பை விலக்கினாள்.

அவர் எதிரே உட்கார்ந்தார். நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். தழும்பு மெல்லிய ரோஜா நிறக் கோடு. இத்தனை நாள் அவர் நினைத்துப் பயந்ததில் பாதிகூட இல்லை. விரல் அதன்மேல் பட்டது. சுட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

மறுபடி வைத்தார். இரண்டு நுனியும் அவர் விரலிடுக்கில் வந்து சேர்ந்தன.

“அளந்தாச்சு” என்றார்.

“அப்போ நூலை எடுங்க. கையை எடுக்காதீங்க.”