விட்டுவிட வேண்டிய வீடுகள்

ஒரு கடலோர மாவட்டத்தின் மின்சார அலுவலகத்தில் வீடுகளின் பதிவை வைத்து, கட்டளைப்படி மின்சாரத்தைக் கொடுக்கவும் நிறுத்தவும் செய்யும் டேட்டாபேஸ் யாஸ்மினின் பொறுப்பில் இருந்தது. அவரிடம் வேலை பழகியவர் வேதமுத்து. சீடருக்குக் குருவைவிடப் பதினைந்து வயது அதிகம். வேதமுத்து யாஸ்மினை மேடம் என்பார். யாஸ்மின் அவரை அண்ணே என்பார்.

புயலில் மின்நிலையம் பாதி நின்றுபோனது. மீதியும் நின்றுவிடாமல் இருக்க, வீடுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி நோயாளிகள் படுத்திருக்கும் வீடுகளை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்த வீடுகளின் பட்டியலும் வந்தது. நீளமான பட்டியல்.

யாஸ்மின் அப்போது மின்நிலையத்தில் இருந்தார். அங்கிருந்து போன் செய்தார்.

"வேலை ஓடுதா அண்ணே, இல்ல நீங்க ஓடுறீங்களா?"

"ரெண்டும் ஓடுது மேடம். நீங்க மெதுவா வாங்க."

வேதமுத்து கட்டளையை எழுதினார்: இந்த வீடுகளைத் தவிர மற்ற எல்லா வீடுகளையும் நிறுத்து.

டேட்டாபேஸ் மறுத்தது. ஒரு கட்டளையில் அத்தனை பெயர்களை அது வாங்காது. அதற்கு ஓர் எல்லை உண்டு.

அவர் பதறவில்லை. புது மீட்டர் பொருத்த வேண்டிய வீடுகளைத் தேடியபோதும் இதே தொல்லை வந்தது. "பிரிச்சுக் கேளுங்க அண்ணே, வர்ற பதிலைச் சேர்த்துக்கலாம்" என்று யாஸ்மின்தான் அன்று சொல்லிக்கொடுத்தார்.

வேதமுத்து பட்டியலை இரண்டாகப் பிரித்தார். முதல் பாதியைக் கொடுத்து, இவற்றைத் தவிர மற்றவற்றை நிறுத்து என்றார். டேட்டாபேஸ் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பாதியைக் கொடுத்து, இவற்றைத் தவிர மற்றவற்றை நிறுத்து என்றார். அதையும் ஏற்றுக்கொண்டது.

போன் அடித்தது.

"சார், கரண்டு போச்சு. எங்க வீட்டுக்காரர் மிஷின்ல இருக்காரு சார்."

"அவர் பேரு?"

"தனுஷ்கோடி. உப்பளத் தெரு."

வேதமுத்து பட்டியலைப் பார்த்தார். பெயர் இருந்தது.

"உங்க வீட்டை நாங்க நிறுத்தலைம்மா. ஃபியூஸ் போயிருக்கும், கழட்டிப் பாருங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே சார்."

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்கம்மா."

போனை வைத்தார். உடனே மறுபடி அடித்தது. வேறு தெரு. அந்தப் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர்களுக்கும் ஃபியூஸைப் பார்க்கச் சொன்னார்.

யாஸ்மின் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். மாவட்டத்தில் ஒரு வீட்டில்கூட மின்சாரம் இல்லை. வேதமுத்துவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியல் முழுவதையும் டேட்டாபேஸுக்கு உள்ளேயே ஓர் அட்டவணையாக வைத்தார். அந்த அட்டவணையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் மின்சாரம் கொடு என்று ஒரே ஒரு கட்டளை எழுதினார். பெயர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்ததால் எல்லை குறுக்கே வரவில்லை.

வீடுகளில் மின்சாரம் திரும்பியது.

மாலையில் செய்தி வந்தது. தனுஷ்கோடி இறந்துவிட்டார். தெருவுக்கு மின்சாரம் திரும்பியபோது அவர் மனைவி கழற்றிய ஃபியூஸ் கட்டையோடு நின்றுகொண்டிருந்தாராம். அதில் கம்பி அறுபடாமல்தான் இருந்ததாம்.

வேதமுத்து யாஸ்மினின் மேசைக்கு வந்தார்.

"ஒரு பேரைக்கூட நான் விடலை மேடம்."

"தெரியும்."

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி பிரிச்சுத்தானே போட்டேன்?"

"ஆமா."

"அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

மேசையில் இரண்டு டம்ளர்களில் தேநீர் இருந்தது. இருவருமே குடித்திருக்கவில்லை.

"என் டம்ளரைத் தவிர மத்ததைக் கொட்டுங்க" என்றார் யாஸ்மின்.

வேதமுத்துவுக்குப் புரியவில்லை. ஆனாலும் தன் டம்ளரை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

"இப்ப உங்க டம்ளரைத் தவிர மத்ததைக் கொட்டுங்க."

அவர் யாஸ்மினின் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். சாய்த்தார். பாதியில் கை நின்றது.

திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"மேலிடத்துல அறிக்கை கேக்கறாங்க. அத்தனை பேரை ஒரே தடவையில டேட்டாபேஸ் வாங்காதுன்னு காரணம் எழுதவா?"

"தனுஷ்கோடி பேரு எந்தப் பாதியில இருந்துச்சு?"

"முதல் பாதியில. முதல்ல நான் அவரை விட்டுட்டுத்தான் நிறுத்தச் சொன்னேன் மேடம்."

"ரெண்டாவது கட்டளையில அவர் யாரு?"



"மத்தவங்கள்ல ஒருத்தர்" என்றார் வேதமுத்து.

"அப்படியே எழுதுங்க அண்ணே. பிரிக்கச் சொல்லிக்கொடுத்தவங்கன்னு என் பேரையும் எழுதுங்க."