குழாய்மேல் தவளை

ஒரு வாரப் பத்திரிகையில் அருமைநாயகம் வெகுகாலமாகக் கேலிச்சித்திரம் போட்டுவந்தார். விளம்பர எழுத்து எழுத வந்த செவ்வந்தி, அவர் லீவு போட்ட வாரம் ஒரு படம் வரைந்து கொடுத்தாள். அதிலிருந்து வாசகர்கள் அவள் படத்தைத்தான் முதலில் தேடினார்கள். அருமைநாயகத்துக்கு வயிறு எரிந்தது.

ஒருமுறை அவள், வறண்டுபோன தெருக்குழாயின்மேல் உட்கார்ந்துகொண்டு, காலிக்குடத்தோடு நிற்கும் பெண்களிடம் மேடைப்பேச்சு பேசும் குண்டுத் தவளையை வரைந்தாள். ஊரே சிரித்தது. அருமைநாயகம் நேராக நகராட்சித் தலைவர் கோதண்டத்திடம் ஓடினார். “அந்தத் தவளை நீங்கதான் ஐயா!” என்று பற்றவைத்தார்.

தலைவர் பத்திரிகை ஆபீசுக்குள் புயலாக நுழைந்தார். “அது நான் இல்லேன்னு அடுத்த இதழ்லயே போடணும். இல்லேன்னா இந்தப் பத்திரிகையே இருக்காது!”

ஆசிரியர் நடுங்கினார். அருமைநாயகத்துக்கு உள்ளம் குளிர்ந்தது.

“போட்டுடலாம் ஐயா,” என்றாள் செவ்வந்தி. “அதே படத்தை அட்டையிலேயே போட்டு, ‘இந்தத் தவளை நம்ம தலைவர் இல்லை’ன்னு கீழே பெரிசா எழுதிடறேன். ஊர்ல ஒருத்தர் விடாம பார்க்கட்டும்.”

அந்த வரியைத் தலைவர் மனசுக்குள் படித்துப் பார்த்தார். வியர்த்துவிட்டது. “வேண்டாம்மா, வேண்டாம்! இதுவரைக்கும் யாரும் அப்படி நினைக்கலையா?”

“உங்ககிட்ட வந்து சொன்னவருக்கு மட்டும்தான் ஐயா தோணியிருக்கு.”

தலைவர் மெல்லத் திரும்பினார். “ஏன்யா, தவளையைப் பார்த்தா உனக்கு என் ஞாபகமா வருது?”

அருமைநாயகம் பதறிப்போனார். “நான் என்ன ஐயா பண்ணுவேன்? அந்தத் தாடையும் முழியும்... உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்காளே, பாவி!”

செவ்வந்தியின் கைவண்ணத்தை அவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அன்றைக்குத்தான்.