கிலுகிலுப்பை வேலி

ஒரு காட்டில் இருந்த தேவாங்கு ஒன்று, எப்போது பார்த்தாலும் எதையாவது எதனோடாவது முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. அதன் கண்கள் பெரியவை. விரல்கள் மெல்லியவை. நடை மட்டும் மகா மந்தம். "கீழே கிடக்கும் பழம் அழுகுவதற்குள் போய்ச் சேருவாயா?" என்று மற்ற விலங்குகள் கேலி செய்யும். தேவாங்கு கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்ளவும் அதற்கு நேரமாகும்.

அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது. அதன் காலடி யாருக்கும் கேட்காது. அதற்குப் பயந்து மான்கள் ஏரிக்கரையின் இளம்புல்லை விட்டுவிட்டு, மலைச்சரிவில் காய்ந்த புல்லைத் தின்றன. குட்டிகளுக்குப் பால் போதவில்லை.

'காலடி கேட்கவில்லை என்றால், கேட்கிற மாதிரி செய்ய வேண்டியதுதானே?' என்று தேவாங்கு நினைத்தது.

கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த நெற்றை நீங்கள் ஆட்டிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே விதைகள் கிலுகிலுவென்று ஒலிக்கும். தேவாங்கு அந்த நெற்றுகளை நீண்ட கொடியில் கொத்துக் கொத்தாகக் கட்டி, ஏரிக்கரைப் புல்வெளியைச் சுற்றி வேலி போல இழுத்தது. முதலில் உயரத்தில் கட்டியது. காற்றடித்தபோதெல்லாம் நெற்று ஒலிக்க, வெள்ளோட்டம் பார்க்க வந்த மான்கள் வீணாக ஓடிக் களைத்தன. அவிழ்த்துப் புதருக்குள் தாழ்வாகக் கட்டியது. முயல்கள் தட்டிவிட்டன. மறுபடியும் அவிழ்த்தது. முயல் கீழே நுழைந்து போகவும் சிறுத்தை இடறவும் தோதான உயரத்தில் கட்டி முடித்தது.

அதன் பிறகு சிறுத்தை வந்த நாட்களில் எல்லாம் கொடி ஆடியது, நெற்று ஒலித்தது, மான்கள் தப்பின.

நரிக்கு வாய் நீளம். அது தானாகவே வந்து தேவாங்குக்குக் கூட்டாளி ஆகிக்கொண்டது. "சத்தம் வந்தால் ஓடு, வராவிட்டால் தூங்கு! இவ்வளவுதான் சங்கதி! வாருங்கள், வாருங்கள்!" என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது. மான்கள் குட்டிகளோடு இறங்கி வந்தன. காட்டுப்பன்றியும் தன் பிள்ளைகளோடு வந்தது. கைம்மாறாக மான்கள் புல்லை உதறி, தேவாங்குக்கு வெட்டுக்கிளிகளைக் கிளப்பிவிட்டன. பன்றி கரையைக் கிளறி நரிக்கு நண்டு காட்டியது.

இதெல்லாம் கோடையில் நடந்தது.

ஒருநாள் நண்பகலில் முதல் மழை கொட்டியது. பொந்தில் தூங்கிக்கொண்டிருந்த தேவாங்கு விழித்துக்கொண்டது. மழை தூறலானதும் இறங்கி வந்து, வழக்கம்போலக் கொடியை இழுத்துப் பார்த்தது.

சத்தமே இல்லை.

நெற்றுகள் ஊறி நைந்து தொங்கின. இன்னும் பலமாக இழுத்தது. ஒரு நெற்று அறுந்து சேற்றில் 'சொத்' என்று விழுந்தது.

"என்ன தம்பி, முகம் இப்படி ஆகிவிட்டது?" என்று கேட்டபடி நரி வந்தது.

"வேலி செத்துவிட்டது, அண்ணே."

"மெதுவாகப் பேசு!" நரி நாலாபக்கமும் பார்த்தது. "நாளைக்கு வெயில் அடித்தால் காய்ந்துவிடப் போகிறது. ஒரு பொழுதுதானே? யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சிறுத்தைக்குத் தெரிந்திருந்தால்?"

நரி காதைச் சொறிந்துகொண்டது.

மான்களை மலைக்குத் திருப்பி அனுப்பலாம் என்றால், நடுவில் ஓடை பெருகி ஓடியது. குட்டிகளால் தாண்ட முடியாது. தேவாங்கு பொந்தில் சேர்த்து வைத்திருந்த காய்ந்த நெற்றுகளை எடுத்து வந்து கட்டி, மேலே தேக்கிலைகளைக் குடையாகக் கவிழ்த்தது. தூறல் தேக்கிலையில் படபடவென்று கொட்டியது. கொடியை இழுத்தால், அந்தச் சத்தத்தில் நெற்றின் ஒலி கேட்கவே இல்லை.

"இனிமேல் சிறுத்தை மேளம் அடித்துக்கொண்டு வந்தால்கூடக் கேட்காது" என்றது நரி.

பொழுது சாயத் தொடங்கியது.

"அண்ணே, என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு மான்களிடம் போங்கள். உள்ளதைச் சொல்லிவிடலாம்."

"சொன்னால் நம் பெயர் என்ன ஆவது?"

"சொல்லாவிட்டால் குட்டிகள் என்ன ஆவது?"

"தம்பி, இந்த முதுகில் உன்னை ஏற்றலாம். அந்தச் செய்தியை ஏற்ற முடியாது" என்று சொல்லிவிட்டு நரி நழுவியது.

தேவாங்கு தரையில் இறங்கி நடந்தது. மரத்திலேயே மெதுவாக நடக்கிற பிராணி. சேற்றில் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடந்த தவளைகள் எல்லாம் மழைக்கு வெளியே வந்திருந்தன. புல்வெளியைச் சுற்றிப் பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர். பள்ளத்துக்குப் பள்ளம் தவளை. காது கிழிந்தது.

"கொஞ்சம் வாயை மூடுங்களேன்! யோசிக்க விட மாட்டீர்களா?" என்று தேவாங்கு ஒரு பள்ளத்தை நெருங்கிக் கத்தியது.

தவளைகள் சட்டென்று நிறுத்தின.

'நம் பேச்சைக் கேட்கக்கூட ஆள் இருக்கிறதே' என்று தேவாங்கு வியந்தபடி மேலே நடந்தது. பின்னால் அந்தப் பள்ளம் மறுபடி தொடங்கியது. முன்னால் அடுத்த பள்ளம் நின்றது. இந்த முறை தேவாங்கு ஒன்றுமே சொல்லவில்லை.

தேவாங்கு அசையாமல் நின்றது. தவளைகள் கத்தின. ஒரு காலைத் தூக்கி வைத்தது. தவளைகள் நிறுத்தின. நின்றது. கத்தின. அதன் பெரிய கண்கள் இன்னும் பெரிதாகின.

"ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கரையில் இருந்த குண்டுத் தவளையிடம் கேட்டது.

"நீ வந்தாயே. காலடி அதிர்ந்தால் வாயை மூடிக்கொள்வது எங்கள் பழக்கம்."

"சிறுத்தை வந்தால்? அதன் காலடிதான் யாருக்கும் கேட்காதே!"

"உங்களுக்குக் கேட்காது. நாங்கள் மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கிறோம். சிறுத்தையோ சுண்டெலியோ, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். நீ போகிறாயா, இல்லையா? எங்களுக்கு வேலை இருக்கிறது."

தேவாங்கு தன் வாழ்நாளில் முதன்முறையாக ஓடியது. பார்ப்பவர்களுக்கு அது நடை மாதிரிதான் தெரிந்திருக்கும்.

புல்வெளி நடுவில் செவந்தி என்ற மான் தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பன்றி படுத்திருந்தது.

"என்னப்பா, இவ்வளவு தூரம்?" என்றது செவந்தி.

"அக்கா, வேலி கெட்டுவிட்டது. என் தப்புதான். வெயிலில் மட்டும் சோதித்தேன். மழையை நினைக்கவில்லை."

பன்றி எழுந்தது. "உன்னை நம்பித்தானேடா பிள்ளைகுட்டியோடு இங்கே கிடக்கிறோம்? இப்போது வந்து கெட்டுவிட்டது என்கிறாயே!"

"அப்புறம் திட்டுங்கள். இருட்டுவதற்குள் இதை மட்டும் கேளுங்கள். இன்றைக்குச் சத்தம் வந்தால் ஓடாதீர்கள். சத்தம் நின்றால் ஓடுங்கள்."

"பயத்தில் இவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது" என்றது பன்றி.

"எந்தச் சத்தம்?" என்றது செவந்தி.

"இதோ, காது கிழிகிறதே, இந்தச் சத்தம்தான். பன்றி அண்ணே, அந்தப் பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் போய்விட்டு வாருங்கள்."

பன்றி முணுமுணுத்துக்கொண்டே போனது. அந்தப் பக்கம் மட்டும் ஒலி அறுந்தது. திரும்பி வந்தது. ஒலி மறுபடி கூடியது. பன்றி இன்னொரு தடவை, யாரும் சொல்லாமலே, போய்விட்டு வந்தது.

"அட" என்றது.

"எந்தப் பக்கம் நிற்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அவ்வளவுதான்" என்றது தேவாங்கு. செவந்தி மற்ற மான்களிடம் போய்ச் சொன்னது.

சிறுத்தை கோடை முழுவதும் இந்த மழைக்காகத்தான் காத்திருந்தது. நனைந்த நெற்று ஒலிக்காது என்று அதற்குத் தெரியும். அந்தி மங்கும் நேரத்தில் மேற்கே இருந்து புறப்பட்டது.

தேவாங்கு ஒரு புதர்மேல் ஏறி, கண்களை மூடிக்கொண்டு கேட்டது. நான்கு பக்கமும் இரைச்சல். பிறகு மேற்கே ஒரு பள்ளம் அடங்கியது. இன்னொரு பள்ளம் அடங்கியது. அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. அமைதி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நெருங்கி வந்தது. சிறுத்தையின் காலடி அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கேட்டது.

"ஓடுங்கள்!" என்று தேவாங்கு கத்துவதற்கு முன்பே மான்களும், பிள்ளைகளோடு பன்றியும் கிழக்கே பாய்ந்துவிட்டன. செவந்தியின் குட்டி மட்டும் பழக்கதோஷத்தில் கிலுகிலுப்புக்காகக் காதை நிமிர்த்தி நின்றது. செவந்தி திரும்பி வந்து அதைத் தலையால் ஒரு முட்டு முட்டியது. குட்டி பறந்தது.

சிறுத்தை கொடியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தபோது, மான்கள் படுத்திருந்த இடத்துப் புல் மட்டும் சூடாக இருந்தது. அது திரும்பிப் போய்க் கொடியை ஒரு காலால் தட்டிப் பார்த்தது. நெற்று ஒலிக்கவில்லை. மறுபடி தட்டியது. ஒலிக்கவில்லை. 'பின்னே எப்படி?' என்று சிறிது நேரம் நின்றது. மான்கள் எல்லாம் தூரத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தன. சிறுத்தைக்கு வெட்கமாகிவிட்டது. வந்த வழியே போனது.

அது போகப் போக, பின்னால் ஒவ்வொரு பள்ளமாகச் சத்தம் திரும்பியது. கடைசிப் பள்ளமும் தொடங்கியபோது, தேவாங்கு இறுகப் பிடித்திருந்த கிளையை விட்டது. விரல்கள் மரத்துப் போயிருந்தன. செவந்தி தன் குட்டியைத் தலை முதல் வால் வரை முகர்ந்தது. எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி ஒருமுறை முகர்ந்தது.

நரி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. "பார்த்தீர்களா, எங்கள் மழைக்கால வேலியை!"

"எங்கள் என்றால், யார் யார்?" என்றது பன்றி.

நரி தவளைகளைப் பார்த்தது. தவளைகளுக்கு வேலை இருந்தது.

"வெயில் வந்தால் நெற்று காய்ந்துவிடும். அப்போது நெற்று. மழை வந்தால் இவர்கள்" என்று சொல்லிவிட்டு, தேவாங்கு நெற்றுகளைக் காய வைக்க, நனைந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தது.

காதைப் பிளக்கும் அந்த இரைச்சலில் குட்டிகள் நிம்மதியாகத் தூங்கின.

நீதி: செய்த கருவி கெட்டுப்போகலாம்; ஆனால் அதை எதற்காகச் செய்தோம் என்பதை மறக்காதவர், கைக்குக் கிடைத்ததைக் கொண்டே காரியத்தை முடிப்பார்.