முன்னால மட்டும் போற மாடக்கண்ணு

ஒரு ஊர்ல ஒரு மாடக்கண்ணு இருந்தான். ஆளு பாக்க நெல்லுக் குதிர் மாதிரி இருப்பான், மனசு மட்டும் பூனைக்குட்டி. அவன்கிட்ட ஒரு பழைய கார் இருந்துச்சு. அதை முன்னால ஓட்டத் தெரியும். பின்னால ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் எப்படிக் குடுத்தாங்கன்னு என்னைக் கேக்காத, எனக்கும் தெரியாது. ஒரு சந்துக்குள்ள நுழைஞ்சிட்டான்னா, அப்படியே அந்தப் பக்கம் வெளிய போயி, நாலு ஊரைச் சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவான். கேட்டா, காத்து வாங்கப் போனேன்ம்பான். ம் சொல்லு.

ம்.

இந்த மாடக்கண்ணுக்கு ஒரே ஒரு தங்கச்சி, பேரு செண்பகம். கடலுக்கு நடுவுல கொக்குத்தீவுன்னு ஒரு தீவு, அங்க கட்டிக் குடுத்திருந்தாங்க. அப்பா அம்மா இல்ல. பொறந்த வீடுன்னா அவளுக்கு இந்த அண்ணன் ஒருத்தன்தான். அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு, முத்தரசின்னு பேரு. அதுக்குக் காது குத்தணும். காது குத்தணும்னா யாரு மடியில உக்கார வைப்பாங்க?

மாமா மடியில.

ஆமா, தாய்மாமன் மடியில. உனக்குக் குத்தும்போது நீ போட்ட கூச்சல் இன்னும் என் காதுல நிக்குது. சரி கேளு. செண்பகத்தோட மாமியா பேரு குருவம்மா. அவ வாயி மிளகா அரைச்ச அம்மி. அவ என்ன சொல்லிட்டான்னா, நாளைக்கு மத்தியானத்தோட நல்ல நேரம் முடியுது, அதுக்குள்ள உங்கண்ணன் வந்தா பாரு, வரலைன்னா என் நாத்தனா மவன் மடியில வச்சுக் குத்திருவோம்னு சொல்லிட்டா. செண்பகம் அண்ணனுக்குப் போன் போட்டா. அழல, ஒண்ணும் பண்ணல. "அண்ணே, வந்துரு"ன்னா. அவ்வளவுதான், வச்சுட்டா.

அப்புறம் என்ன, மாடக்கண்ணு விடியறதுக்குள்ள கார் டிக்கியில சீர் சாமானை அடுக்கிட்டான். பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், வாழைத்தாரு, ஒரு டின்னு முறுக்கு. டுர்ர்ர்ர்னு கெளம்பிக் கடற்கரைக்கு வந்துட்டான்.

அங்க ஜங்கார் நிக்குது. ஜங்கார்னா என்ன, காரு லாரி எல்லாத்தையும் தூக்கி மேல வச்சுக்கிட்டுக் கடல்ல போற பெரிய இரும்புத் தாம்பாளம். அதுக்கு வாசல் ஒண்ணே ஒண்ணு, வால் பக்கத்துல. மூக்குப் பக்கம் ஒடுங்கிப் போயி ஒரு சங்கிலி கட்டிருக்கும், சங்கிலிக்கு அங்கிட்டுக் கடல். அதனால எல்லா வண்டியும் பின்பக்கமாவே உள்ள ஏறும். அப்பதான் தீவுல நேரா எறங்கி ஓடலாம். ஜங்கார்ல வேலை பாக்குற சூசை வந்து, அண்ணாச்சி ரிவர்ஸ்ல ஏத்துங்கன்னான்.

மாடக்கண்ணு யோசிச்சான். தெரியாதுன்னு சொன்னா மானம் போயிருமே. அப்போ என்ன சொன்னான் தெரியுமா?

"தம்பி, உள்ள தாய்மாமன் சீரு இருக்கு. சீரு பின்னால போகப்படாது, எங்க வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊர்லயும் கெடையாது. அப்பதான் அவன் வாய்க்குள்ள பொறந்துச்சு, இன்னும் ஈரம்கூடக் காயல. சூசை நல்ல பய, வழக்கம்னு சொன்னதும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே விட்டுட்டான். மாடக்கண்ணு ஜம்முன்னு முன்பக்கமா ஏறி, மூக்கு வரைக்கும் போயி நின்னான். ம்?

ம்.

ஜங்கார் கெளம்பிருச்சு. தளக், புளக், தளக், புளக். மாடக்கண்ணு பயந்துக்கிட்டு காரை விட்டு எறங்கவே இல்ல. பயத்துல ஹேண்ட் பிரேக்கையும் போட மறந்துட்டான். ஒரு அலை வந்து மூக்கைத் தூக்குச்சு. கார் சர்ர்ர்ர்னு பின்னால உருண்டு போயி, அங்க நின்ன ஐஸ் லாரியில டங். அடுத்த அலை வாலைத் தூக்குச்சு. சர்ர்ர்ர்னு முன்னால வந்து சங்கிலியில டங். பாத்தியா, காருக்குக்கூடப் பின்னால போகத் தெரியுது, ஓட்டுறவனுக்குத்தான் தெரியல.

லாரிக்காரன் பால்வண்ணம் திட்டத்தான் வந்தான். மாடக்கண்ணு மூஞ்சி கத்திரிக்கா மாதிரி வாடிக் கெடக்குறதைப் பாத்துட்டு, சரிய்யா, எடம் இருக்கு, நான் வேணா வண்டியைத் திருப்பி நிறுத்தித் தரேன்னான். நல்ல மனுசன். அப்பவாச்சும் உண்மையைச் சொல்லிருக்கலாம்ல? சொல்லல. சீரு பின்னால போனா புள்ளைக்குக் காதுல ஓட்டை கோணலா விழுந்துரும்னு இன்னொரு புளுகை எடுத்து விட்டான். பக்கத்துல மீன் கூடையோட உக்காந்திருந்த ஒரு ஆத்தா, ஆமா ஆமா, எங்க குடும்பத்துலயும் அப்படித்தான்னு சொல்லிருச்சு. அதோட ஜங்கார் பூராவும் நம்பிருச்சு. ஒருத்தனும் அந்தக் காரைத் தொட மாட்டேன்னுட்டான்.

அப்போ ஒரு பெரிய அலை அடிச்சுது. தொபீர். கார் முன்னால போயி அந்த ஒடுங்கின எடத்துல நல்லா செருகிக்கிச்சு. ரெண்டு பக்கக் கதவும் இரும்புல ஒட்டிக்கிச்சு, தொறக்க முடியல. ஜன்னல் வழியா எறங்கலாம்னா ஆளு குதிர்ல, தலை மட்டும் வெளிய வந்துச்சு.

அவன் சிரிச்சானா?

அவன் எங்க சிரிக்கிறது. நீ சிரிக்கிற, கண்ணை மூடிக்கிட்டுச் சிரி.

கொக்குத்தீவு வந்துருச்சு. பீப்பீ, டும்டும். கரையிலேயே கோயில். சொந்தக்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க, ஆசாரி ஊசியோட நிக்கிறாரு, குருவம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கிறா, ஓரமா செண்பகம் புள்ளையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. எல்லா வண்டியும் எறங்கிருச்சு, மாடக்கண்ணு மட்டும் எறங்கல. சூசை போயி, சீரு பின்னால வரப்படாதாம்ல அம்மான்னு குருவம்மாகிட்ட விசயத்தைச் சொன்னான். குருவம்மா யோசிச்சா. அவளுக்கா வழி தெரியாது? டிக்கியைத் தொறந்து சீரை ஆளுக்கொரு தட்டாத் தூக்கிட்டு வரச் சொன்னா.

"சீரு எறங்கிருச்சு. இப்போ வண்டியைப் பின்னால எடுப்பா."

மாட்டிக்கிட்டான். இனி வழக்கம் கிழக்கம் ஒண்ணும் சொல்ல முடியாது. கியர் கம்பியைப் பிடிச்சு இழுத்தான், கர்ர்ர். கை தவறி வைப்பர் ஓடுச்சு, சரக் சரக். அப்புறம் இன்னொரு தடவை இழுத்தான், கர்ர்ர்ர், வண்டி முன்னால குதிச்சுச் சங்கிலியை முட்டுச்சு. கரையில இருந்தவங்க எல்லாம் ஐயோன்னாங்க. மூணாவது தடவை சாமியைக் கும்பிட்டுட்டு இழுத்தான். டொபக். முன் சக்கரம் இரும்புச் சந்துல எறங்கி உக்காந்துக்கிச்சு. பத்துப் பேரு பின்னால புடிச்சு இழுத்தும் அசையல.

அப்போ சூசை வானத்தைப் பாத்தான், தண்ணியைப் பாத்தான். கடல் வத்துது, இனி நின்னா ஜங்கார் தரை தட்டிரும், இப்பவே கெளம்பணும், அடுத்து நாளைக்குத்தான் வரும்னுட்டான். குருவம்மாவும் நேரத்தைப் பாத்தா. நாத்தனா மவனைக் கூப்பிட்டு, நீ வந்து உக்காரு, மடியை விரின்னுட்டா.

மாடக்கண்ணுக்கு அது காதுல விழுந்துச்சு. ஜன்னல் வழியாத் தலையை நீட்டினான். ஊரே பாக்குது. சொன்னான்.

"எனக்குப் பின்னால ஓட்டத் தெரியாது. வழக்கம்னு சொன்னது பூராவும் பொய். வெக்கத்துல சொல்லிட்டேன். செண்பகம், நான் வரணும்னுதாம்மா வந்தேன்."

கரையே கெக்கெக்கேன்னு சிரிச்சுது, ஆசாரி சிரிச்சாரு, மேளக்காரன் சிரிச்சான். செண்பகம் மட்டும் சிரிக்கல. புள்ளையை இடுப்புல இறுக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்து ஜங்கார்ல ஏறிட்டா. நேரா ஜன்னல்கிட்ட வந்தா.

"அண்ணே, மடியை விரி."

ஜன்னல் வழியா முத்தரசியை உள்ள குடுத்துட்டா. குருவம்மா பதறிப்போயி, ஏ செண்பகம், புள்ளையை எங்க கொண்டு போறன்னு பின்னாலயே ஏறிட்டா. அவ ஏறினதும் ஆசாரி ஏறினாரு, செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு. மேளக்காரன் ஏறினான், சீர்த் தட்டு தூக்கினவங்க ஏறினாங்க. பாம்ம்ம்னு சத்தம் குடுத்துட்டு ஜங்கார் கெளம்பிருச்சு. காது குத்துற வீடு மொத்தமும் கடல்ல போகுது. ம்?

...ம்.

நடுக்கடல்ல இப்படி ஆடுதே, எப்படிக் குத்துறதுன்னு ஆசாரி முழிச்சாரு. குருவம்மா சூசையைப் பாத்து, கரை சேர்றதுக்குள்ள நல்ல நேரம் போயிரும், இஞ்சினை அமத்துடான்னா. அமத்திட்டான். தளக்... புளக்... அப்புறம் அதுவும் அடங்கிருச்சு. மாடக்கண்ணு மூச்சுகூட விடல. ஆசாரி ஜன்னலுக்குள்ள கையை விட்டாரு. சுருக். வீல். இந்தக் காது. அப்புறம் அந்தக் காது, சுருக். வீல். செண்பகம் கம்மலை எடுத்துக் குடுத்தா, போட்டாச்சு. குருவம்மா முந்தானையால மாடக்கண்ணு மூஞ்சியைத் தொடச்சு விட்டா. புள்ளைக்கு இல்லடி, இவனுக்கு. புள்ளையை விட இவன்தான் ஓன்னு அழுதுட்டிருந்தான்.

"போதும் அழுதது. மடி ஆடுது பாரு"ன்னா.

இந்தக் கரைக்கு வந்ததும் வலைக்காரங்க கயித்தைக் கட்டி, ஐலசா ஐலசான்னு காரை வெளிய இழுத்துட்டாங்க. கதவு தொறந்துச்சு. எல்லாரும், எறங்குப்பா, எறங்குன்னாங்க. மாடக்கண்ணு உஷ்னான். அழுது களைச்ச முத்தரசி அவன் மடியிலயே தூங்கிருச்சு. அவன் எறங்கவே இல்ல, காலைக்கூட நீட்டல. செண்பகம் அந்தப் பக்கமா ஏறி அண்ணன் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. ரெண்டு பேரும் முறுக்கைச் சத்தமில்லாம தின்னாங்க.

முத்தரசி தூங்கியாச்சு, கதையும் கரை ஏறியாச்சு. இனி உன் முறை, தூங்குடி.