வரிசையில் நின்ற குடம் வாய் மூடியது ஏன்?

குடங்களுக்கும் பேச்சு இருந்த காலம் அது. ஆமை பேசியது. காக்கை பேசியது. கழுதை வேண்டியதற்கு மேலேயே பேசியது. குடத்தின் பேச்சு சற்றுக் கரகரப்பாக, உள்ளே யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். கிராமங்களில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. குடம் வாயைத் திறப்பதற்கு முன்பே அது எந்த வீட்டுக் குடம் என்று கிணற்றடியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அப்போது கடலோரத்தில் ஒரு துறைமுகமும், அதைச் சுற்றி ஒரு மதிலும் கட்டத் தொடங்கினார்கள். கல் சுமக்கவும், சுண்ணாம்பு அரைக்கவும், மரம் இழுக்கவும் முப்பத்தொரு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முப்பத்திரண்டு என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் ஒரே ஊரை இரண்டு பெயரில் எண்ணியவர்கள். வந்தவர்கள் சுவரோடு சுவர் ஒட்டிக் குடிசை போட்டார்கள். அடுத்த குடிசையில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று தெரியும். கொதிக்க வைப்பவள் யார் என்று தெரியாது. அப்படித்தான் அந்த நகரம் உண்டானது.

அங்கே எங்கே தோண்டினாலும் உப்பு நீர்தான். நல்ல தண்ணீர் ஒரே ஓர் இடத்தில், கடற்கரைப் பாறையின் அடியில், ஊற்றாகக் கசிந்தது. ஒரு குடம் நிறைய, வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் ஆகும். கடல் ஏறி வந்தால் பாறை மூழ்கிவிடும். மறுபடி இறங்கும்வரை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அந்த ஊற்றுக்குக் காவலாக ஓர் ஆமை இருந்தது. மனிதர்கள் வருவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது.

முதல் நாளே சண்டை. காரணம், ஒவ்வொருத்தியும் தன் ஊர்க் கிணற்றின் வழக்கத்தைத் தன்னோடு கொண்டுவந்திருந்தாள்.

"எங்க ஊர்ல எங்க வீட்டுக் குடம் நிறைஞ்ச பிறகுதான் அடுத்த கயிறு கிணத்துல இறங்கும்" என்றாள் வேலம்மாள். மேலக்கரை நாட்டாண்மையின் மகள். பித்தளைக் குடத்தோடு வந்திருந்தாள். அவள் கணவன் இங்கே கல் கணக்குப் பார்க்கும் மேஸ்திரி.

"உங்க ஊர் கிணத்துக்குப் போயி இறக்கு. யாரு பிடிச்சா?" என்றாள் ஓர் உப்புக்காரி. இவள் தெற்கேயிருந்து வந்தவள், தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக உப்பு விற்பவள். இவள் ஊர்க் கிணற்றில் இவளுக்கு எட்ட நிற்கத்தான் இடம். யாராவது இரங்கி ஊற்றினால்தான் தண்ணீர்.

ஆமை தலையை நீட்டியது. "எனக்கு உங்கள் ஊரும் தெரியாது, வீடும் தெரியாது. யார் முதலில் வந்தாளோ அவள் முதலில். கால் எங்கே நிற்கிறதோ அதுதான் அவள் இடம். கால் நகர்ந்தால் இடம் போயிற்று."

இந்த முறை நியாயமாகத்தான் இருந்தது. உப்புக்காரி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேஸ்திரி மனைவிக்கு முன்னால் நின்று தண்ணீர் பிடித்தாள். ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்கலாம். ஒண்டி ஆளுக்கு அது முடியாது.

குருவம்மா ஒண்டி ஆள். அவளும் அவள் கணவன் கொம்பையாவும் மதில் வேலையில் கல் சுமந்தவர்கள். ஒரு நாள் சாரம் சரிந்து கொம்பையா கீழே விழுந்தான். தொடை எலும்பு முறிந்து, காய்ச்சல் கண்டது. உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் குடித்த வேகத்தில் கக்கினான். நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, "நல்ல தண்ணி உள்ளே தங்கினா பிழைப்பான். இல்லைன்னா என்னைத் திரும்பக் கூப்பிடாதே" என்று சொல்லிப் போனார்.

குருவம்மா வரிசையில் போய் நின்றாள். ஆனால் காய்ச்சலில் பிதற்றி எழ முயல்கிறவனை எவ்வளவு நேரம் தனியே விட முடியும்? பாதியில் ஓடிப் போய்ப் பார்த்து, நெற்றித் துணியை நனைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் வரிசையின் வாலில்தான் இடம். அவள் முறை வருவதற்குள் கடல் ஏறிவிடும். இரண்டு நாள் வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவளுடைய மண்குடம் சொன்னது: "நாளைக்கு என்னை வரிசையில வச்சிட்டு நீ போ. நான் நிக்கிறேன்."

"உனக்குக் கால் ஏது?"

"வாய் இருக்கு இல்ல? யாராவது தாண்டினா ஊரைக் கூட்டிடுவேன்."

ஆமையிடம் கேட்டார்கள். ஆமை வெகுநேரம் யோசித்தது. "குடம் தன் ஆளுக்காகப் பேசட்டும். பார்ப்போம்" என்றது.

மறுநாள் குடம் கத்திய கத்தலில் கடற்காக்கைகள் எழுந்து பறந்தன. "இது குருவம்மா இடம்! ஏ, சிவப்புச் சேலை, காலை எடு! இது குருவம்மா இடம்!" வரிசையே சிரித்தது. ஆனாலும் ஒருத்தியும் தாண்டவில்லை. அதைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் குடங்களை நட்டுவைத்துவிட்டு அடுப்பையும் பிள்ளையையும் பார்க்கப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பாறையடியில் ஆட்கள் குறைந்து குடங்களே நிறைந்தன. ஒவ்வொன்றும் தன் ஊர்ப் பேச்சில் கத்தியது.

"நான் முந்தி வந்தேன்!"

"போடா ஓட்டை! நீ வரும்போது எனக்கு வெயில் ஏறி முதுகு சுட்டுப்போச்சு!"

இங்கேதான் குருவம்மாவின் குடம் ஒரு தப்புச் செய்தது. கொம்பையாவின் நிலை அதற்குத் தெரியும். பதற்றத்தில் பொய் சொன்னது. "உப்புக்காரிக்கும் முன்னாலயே எங்க ஆளு வந்தாச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டது.

குருவம்மா திரும்பி வந்தபோது உப்புக்காரி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "ஏட்டி, உனக்கு இருக்கிற நாக்கு போதாதுன்னு குடத்துக்கு வேற ஒண்ணு வளத்து வச்சிருக்கியா? எப்ப நீ எனக்கு முன்னால வந்தே?"

"வரலை அக்கா."

"நான் எந்த வழியில உனக்கு அக்கா?"

"எந்த வழியிலயும் இல்லை. ஆனா நான் உங்களுக்கு முன்னால வரலை. உங்களுக்குப் பின்னாலதான்."

குருவம்மா குடத்தைத் தூக்கி உப்புக்காரிக்குப் பின்னால் வைத்தாள். உப்புக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்குள் முன்னால் இரண்டு குடங்கள் ஒன்றையொன்று முட்டி உடைந்தன. அந்தச் சண்டையிலேயே நேரம் போய்க் கடல் ஏறிவிட்டது. அன்று நிறைய வேண்டிய குடங்களில் பாதிதான் நிறைந்தன. குருவம்மாவுக்கும் இல்லை, உப்புக்காரிக்கும் இல்லை.

ஆமை கோபத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்து, மறுபடி நீட்டியது. "குடத்தின் சொல் இனிச் செல்லாது. அது தன் ஆள் பக்கம்தான் சாயும். நாளையிலிருந்து பழையபடி கால்தான் கணக்கு."

எல்லோரும் கலைந்தார்கள். குருவம்மா மட்டும் போகவில்லை. ஈர மணலில் ஆமைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"குடம் பேசாம இருந்தா?"

"பேசாத குடத்துக்கு யார் சாட்சி?"

"முன்னால நிக்கிறவளும் பின்னால நிக்கிறவளும்."

ஆமைக்குச் சிரிப்பு வந்தது. "அவர்கள் உனக்கு உறவா?"

"இல்லை."

"ஒரே ஊரா?"

"இல்லை. பேரு கூடத் தெரியாது."

"பிறகு உனக்காக எதற்குப் பேசுவார்கள்? குடம் அவர்களுக்கு வழியை மறித்து நிற்கும் பொருள். நகர்த்தினால் அவர்களுக்குத்தான் லாபம்."

"தெரியும். இருந்தாலும் ஒரு நாள் பாருங்க. எனக்கு வேற வழி இல்லை" என்றாள் குருவம்மா.

ஆமை தன் நிபந்தனையைச் சொன்னது. "நாளை ஒரு நாள். குடம் ஒரு சொல் பேசினாலும் இடம் போயிற்று. அதற்காக யாரும் பேசாவிட்டாலும் போயிற்று. அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே என்னிடம் எடுக்கக் கூடாது."

குருவம்மா குடத்தைப் பார்த்தாள். அது மெதுவாகச் சொன்னது: "இன்னிக்கு என் வாயால கெட்டது. இனி நான் பேசலை."

மறுநாள் குருவம்மா விடியும்போதே வந்தாள். அப்படியும் அவளுக்கு முன்னால் நிறையப் பேர். அவளுக்குப் பின்னால் உப்புக்காரி வந்து நின்றாள். அவள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் நேற்றிலிருந்து உப்புத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். உப்புக்காரிக்குப் பின்னால் வேலம்மாள்.

குருவம்மா குடத்தை இறக்கி வைத்தாள். முன்னால் நின்றவளைப் பார்த்து, "குடத்தைப் பாத்துக்குங்க" என்றாள். பின்னால் திரும்பி உப்புக்காரியிடமும் அதையே சொன்னாள்.

"நேத்து பேசின குடம்தானே? அதுவே பாத்துக்கும்" என்றாள் உப்புக்காரி.

குருவம்மா வீட்டுக்கு ஓடினாள்.

வரிசை நகர்ந்தது. குடம் தானாக நகராது. முதல்முறை அது பின்தங்கியபோது உப்புக்காரி முணுமுணுத்துக்கொண்டே காலால் தள்ளினாள். அடுத்தமுறை குனிந்து கையால் நகர்த்தினாள். குடம் வாயைத் திறக்கவில்லை. வெயில் ஏறியது. குருவம்மாவுக்கு முன்னால் நின்றவளும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது ஊற்றுக்கு எதிரே ஆளில்லாத மண்குடம் மட்டும் இருந்தது. அலை பாறையின் அடியைத் தொட்டுவிட்டுப் போனது.

ஆமை கடலைப் பார்த்தது. "இன்னும் ஒரு குடம்தான் நிறையும். யார் அடுத்தது?"

வேலம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? நீதான் அடுத்தது. போ. நீ சீக்கிரம் பிடிச்சா எனக்கும் அரைக் குடமாவது தேறும்" என்று உப்புக்காரியை அவசரப்படுத்தினாள். அவள் அசையாததைப் பார்த்து, தானே முன்னால் வந்து மண்குடத்தைக் காலால் எற்றினாள். குடம் உருண்டு பாறையில் மோதியது. விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. வலித்திருக்கும். சத்தம் வரவில்லை.

"யாருடைய குடம் அது?" என்று ஆமை கேட்டது.

"கேப்பாரில்லாத குடம்" என்றாள் வேலம்மாள்.

வரிசையில் நின்ற ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. குடம் ஒன்று விலகினால் எல்லோரும் ஓர் அடி முன்னால் போகலாம்.

உப்புக்காரி தன் குடத்தைப் பார்த்தாள். வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை நினைத்தாள். உருண்டு கிடந்த குடத்தைப் பார்த்தாள். நேற்று அத்தனை சத்தம் போட்டது, இன்று அடிபட்டும் பேசாமல் கிடந்தது.

"எனக்கு முன்னால ஒருத்தி இருக்கா" என்றாள்.

"எங்கே? எனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள் வேலம்மாள்.

"இந்தக் குடத்துக்காரி."

"அவ பேரு என்ன?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அவளுக்காக உன் தண்ணியை விடுறியாக்கும்? பைத்தியமா உனக்கு?"

உப்புக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ யாருங்கிறது எனக்கு எதுக்கு? எனக்கு முன்னால வந்தா. அது எனக்குத் தெரியும். இன்னிக்கு அவ இடம் இல்லைன்னா நாளைக்கு என் இடமும் இல்லை. எங்க ஊர்க் கிணத்துல நான் யாருன்னு தெரிஞ்சுதான் என்னை எட்ட நிறுத்தினாங்க. இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. அதனாலதான் எனக்கு ஓர் இடம் இருக்கு. அதை நான் கெடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, உருண்டு கிடந்த குடத்தை எடுத்து, மணலைத் துடைத்து, தானே ஊற்றில் பிடித்தாள். குருவம்மா மூச்சிரைக்க ஓடி வந்தபோது குடம் நிறைந்திருந்தது.

"எங்கே போயித் தொலைஞ்சே? என் கையில இருக்கிறது உன் தண்ணி, தூக்கு சீக்கிரம்!" என்றாள் உப்புக்காரி.

அலை ஒன்று வந்து ஊற்றை மூடியது. உப்புக்காரியின் குடம் வெறுமையாக இருந்ததை அப்போதுதான் குருவம்மா பார்த்தாள். தன் குடத்தைச் சாய்த்து அதில் ஊற்றப் போனாள். உப்புக்காரி கால்வாசியோடு கையைக் காட்டி நிறுத்தினாள். "போதும். பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு ஆகும். நாளைக்கு இன்னும் வெள்ளன வா."

"உங்க பேரு...?"

"பேரு எதுக்கு? குடத்தைத் தூக்கு" என்று சொல்லி நடந்தாள். அவள் பெயர் குருவம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் இந்தக் கதையிலும் இல்லை.

அன்று குடித்த தண்ணீர் கொம்பையாவின் வயிற்றில் தங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கால் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்தது, ஆள் பிழைத்தான்.

"இனிப் பேசு, எல்லாம் முடிஞ்சுது" என்று குருவம்மா குடத்திடம் சொன்னாள். குடம் பேசவில்லை. மறுநாளும் அது வரிசையில் நிற்க வேண்டும். மற்றக் குடங்கள் அதைப் பார்த்தன. கத்திய குடங்களை ஆமை ஒதுக்கியது. பேசாமல் நின்ற குடங்களுக்கு முன்னால் நின்றவளோ பின்னால் நின்றவளோ பேசினாள். ஒவ்வொன்றாக எல்லாக் குடங்களும் பேச்சை விட்டன. சில நாள் கழித்து வேலம்மாளின் மாமியார் படுக்கையில் விழுந்தபோது, அவளும் பித்தளைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, பின்னால் நின்ற முகம் தெரியாதவளிடம், "குடத்தைப் பாத்துக்கம்மா" என்று மெல்லச் சொன்னாள். அந்தக் குடத்தையும் யாரும் எற்றவில்லை.

குடம் ஊமையானது அந்த ஊற்றங்கரையில்தான். அதற்குப் பிறகு மண் போய்ப் பித்தளை வந்தது, பித்தளை போய்ப் பிளாஸ்டிக் வந்தது, ஊற்று போய்த் தெருக்குழாயும் தண்ணீர் லாரியும் வந்தன. இன்றைக்கும் நகரத்துத் தெருவில், ஆளே இல்லாத ஒரு குடத்தை யாராவது நகர்த்தப் போனால், பேர் ஊர் தெரியாத ஒருத்தி பின்னாலிருந்து சொல்வாள்: "அதுக்கு ஆள் இருக்கு. பச்சைக் குடம் எனக்கு முன்னாடி."